மூங்கிலும் வெள்ளியும்

வாத்தியங்களுக்குள்ளே புல்லாங்குழலைப் போல் நல்ல பெயர் வாங்கியது வேறொன்று இல்லை. வீணையை வித்வத்துக்கும், நாகஸ்வரத்தை மங்களத்துக்கும், மிருதங்கத்தைக் கணக்குக்கும் ஒப்படைத்துவிட்ட நாம், குழலை மட்டும் மாடு மேய்க்கும் ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து யமுனைக் கரையிலே நிறுத்தி வைத்திருக்கிறோம். அங்கே நின்றபடி அது சாந்தமாக ஒலித்துக் கொண்டிருக்கும் வரையில் யாருக்கும் யாதொரு ஆட்சேபமும் இல்லை. அதே குழல் கடல் கடந்து போய், வெள்ளிக் கவசம் பூண்டு, டிரம்பெட்டுக்கும் ஸாக்ஸபோனுக்கும் நடுவே நின்று ஜாஸ் வாசிக்கத் தொடங்கினால்தான் வீட்டில் வழக்கு உண்டாகிறது.

நம் வீட்டில் அப்படி ஒரு வழக்கு உண்டாயிற்று. நம் தமக்கையின் மகள் ஏழு வருஷமாக மூங்கிற் குழல் பயின்று வருகிறவள். வர்ணங்களைத் தாண்டிக் கீர்த்தனைகளில் நல்ல பாடம். நாலு பேர் எதிரில் உட்கார்ந்து கல்யாணி வாசித்தால், அந்த நாலு பேரும் கடைசி வரையில் எழுந்து போக மாட்டார்கள். அப்படிப்பட்ட பெண், எரிக் டால்ஃபி என்னும் அமெரிக்கக் கலைஞரின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு நம்மிடம் வந்தாள்.

"மாமா, எனக்கு ஒரு வெள்ளிக் குழல் வேண்டும். ஜாஸ் கற்றுக் கொள்ளப் போகிறேன்" என்றாள்.

அவளுடைய ஆசிரியர் இதைக் கேட்டதும், "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம் அம்மா. எது வேண்டுமென்று தீர்மானித்துக் கொண்டு வா" என்று சொல்லிவிட்டார். நம் தாயார், "பகவான் வாசித்த வாத்தியத்தைச் சாராயக் கடையில் கொண்டு போய் வாசிப்பதா?" என்றார். தமக்கை ஒன்றும் சொல்லாமல் நம் முகத்தைப் பார்த்தாள். ஆக, நீதிபதி ஸ்தானம் நமக்கு வந்து சேர்ந்தது. தீர்ப்புச் சொல்லுகிறவர் முதலில் விசாரணை செய்ய வேண்டும் அல்லவா? அந்த விசாரணையில் தெரிந்த விஷயங்களை இங்கே எழுதுகிறோம். இதே வழக்கு நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும்.

முதலில் வாத்தியத்தைப் பற்றி. நம் மூங்கிற் குழலில் ஊதும் துளை ஒன்றும், விரல் வைக்கும் துளைகள் எட்டும் இருக்கின்றன. துளையை விரலால் முழுவதும் மூடலாம், பாதி மூடலாம், கால் பங்கு திறந்து மெல்ல வழுக்கலாம். கமகம் எல்லாம் இந்த வழுக்கலில் இருக்கிறது. ஆனால், ஒரு குழலுக்கு ஒரு சுருதிதான். பாடகருக்குத் தகுந்தபடி சுருதி மாற வேண்டுமானால் வித்வான் பையிலிருந்து வேறொரு குழலை எடுக்கிறார். சுருதி பிரதானமான நம் சங்கீதத்துக்கு இது குறையே அல்ல.

ஐரோப்பாவின் சங்கீதத்தில் ஒரே பாட்டுக்குள் சுருதி இடம் மாறிக் கொண்டே போகும். அதற்குப் பழைய மரக் குழல்கள் ஈடு கொடுக்கவில்லை. ஜெர்மனியில் மூனிக் நகரத்தைச் சேர்ந்த தியோபால்ட் போம் என்பவர் இதற்கு வழி கண்டார். அவர் அரச சபையில் குழல் வாசித்தவர். பொற்கொல்லர் தொழிலும் பயின்றவர். விரலுக்கு எட்டுகிற இடத்தில் துளை போடுவதை விட்டு, ஒலி சரியாகப் பிறக்கிற இடத்தில் துளை போட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். துளையும் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். அப்படிப் போட்டால் துளைகள் விரலுக்கு எட்டா. எட்டினாலும் விரலால் மூட முடியாது. ஆகையால், மூடிகளையும் அவற்றை இயக்கும் கம்பிகளையும் நெம்புகளையும் அமைத்தார். 1832-ல் ஒரு மாதிரியும், 1847-ல் உலோகத்தால் ஆன நீள்உருளைக் குழலும் செய்தார். இன்று உலகம் முழுவதும் வாசிக்கப்படும் வெள்ளிக் குழல் அந்த 1847-ம் வருஷத்துக் குழலின் வாரிசுதான். ஏறக்குறைய 67 சென்டிமீட்டர் நீளம். உள்விட்டம் 19 மில்லிமீட்டர். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் மூன்று ஸ்தாயிகளில் சமமாகப் பேசும்.

இதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், மூடி திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். நடுவில் வழுக்குவதற்கு இடம் இல்லை. நடுவிலே துளையிட்ட மூடிகள் கொண்ட குழலும் உண்டு. அதில் விரலைச் சிறிது நகர்த்தி ஸ்வரத்தை வளைக்கலாம். மூங்கிலில் பழகிய கைக்கு அதுதான் உகந்தது. ஆனால் ஆரம்பத்தில் விரல் சற்றுத் தவறினாலும் காற்று கசிந்துவிடும்.

மற்றொரு விஷயம். நாகஸ்வரத்துக்குச் சீவாளி இருக்கிறது. ஸாக்ஸபோனுக்கும் அப்படி ஒரு நாக்கு இருக்கிறது. குழலுக்கு அது கிடையாது. உதட்டிலிருந்து வரும் காற்றுத் தாரை துளையின் விளிம்பில் மோதி உள்ளும் புறமுமாக அசைவதனாலேயே நாதம் உண்டாகிறது. அந்தக் காற்றில் ஒரு பங்கு வெளியே வீணாகிறது. ஆகவே மூச்சுச் செலவு அதிகம்; கீழ் ஸ்தாயியில் ஒலி மெலிவு. டிரம்பெட்டுக்கு எதிரில் அந்தக் கீழ் ஸ்தாயி புயலில் ஏற்றிய அகல்விளக்கைப் போலத்தான்.

ஜாஸுக்குள் குழல் பிந்தி வந்ததற்கும் இதுவே காரணம். ஜாஸ் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் உருவான சங்கீதம். அதை உருவாக்கியவர்கள், அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட கறுப்பு இன மக்களின் சந்ததியார். அவர்கள் கைக்குக் கிடைத்தவை எஜமானர்களின் நாட்டு வாத்தியங்கள். அவற்றை எடுத்துத் தங்கள் துயரத்தையும், தங்கள் பரிகாசத்தையும், தங்கள் தாளத்தையும் பேசும்படி செய்துவிட்டார்கள். இதை நாம் அதிசயமாகப் பார்க்க வேண்டியதில்லை. பாலுசுவாமி தீக்ஷிதர் காலத்தில் வெள்ளைக்காரர் வைத்திருந்த பிடிலை வாங்கி, தோளிலிருந்து இறக்கி, தரையில் உட்கார வைத்துத் தோடி பேச வைத்தவர்கள் அல்லவா நம்மவர்கள்? கிளாரினெட்டையும், மாண்டலினையும், ஸாக்ஸபோனையும் அப்படியே செய்தோம். ஒரு வாத்தியம் எங்கே பிறந்தது என்பது பெரிதல்ல. யாருடைய பாஷையைப் பேசுகிறது என்பதே பெரிது.

தெருவிலும் நடன மண்டபத்திலும் ஒலி பெருக்கி இல்லாத நாளில் குழலின் குரல் எடுபடவில்லை. 1925-ல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. அதன் பிறகு, கியூபாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஆல்பர்ட்டோ ஸோகரஸ் என்பவர், 1920-களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் வில்லியம்ஸின் குழுவோடு குழல் வாசித்த இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஜாஸில் பதிவான முதற் குழல்களுள் அவருடையது ஒன்று. 1930-களில் சிக் வெப் என்பவரின் குழுவில் வேமன் கார்வர் வாசித்தார். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெரும் பாடகி புகழ் பெற்றதும் அதே குழுவில்தான். அதற்குப் பிறகு நெடுநாள் மௌனம்.

1950-களில் கதவு நன்றாகத் திறந்தது. கவுண்ட் பேஸியின் குழுவில் 1953-ல் சேர்ந்த ஃபிராங்க் வெஸ், பதினாறு பேர் முழங்கும் அந்தக் கச்சேரிக்குள்ளே குழலுக்கு ஓர் ஆசனம் வாங்கிக் கொடுத்தார். 1955-ல் சிக்கோ ஹாமில்டனின் ஐவர் குழுவில் பட்டி காலெட் செல்லோவோடு சேர்ந்து வாசித்தார். ஹெர்பி மான் குழலையே பிரதான வாத்தியமாகக் கொண்டார். இவர்களில் பலரும் முதலில் ஸாக்ஸபோன் கற்றவர்கள். குழல் அவர்களுக்கு இரண்டாந் தாரம். அந்த இரண்டாந் தாரத்துக்கே வீட்டுச் சாவியைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஹ்யூபர்ட் லாஸ். டெக்சாஸ் மாகாணத்தில் 1939-ல் பிறந்து, நியூயார்க்கின் ஜூலியார்ட் சங்கீதப் பள்ளியில் பயின்றவர். ஐரோப்பிய சாஸ்திரீய இசையையும் ஜாஸையும் இரு கையிலும் ஏந்தி, இரண்டிலும் மாற்றுக் குறையாமல் வாசித்தார். "ஆற்றில் ஒரு கால்" என்ற ஆட்சேபத்துக்கு இவரை நாம் முதல் சாட்சியாக அழைத்தோம்.

இரண்டாவது சாட்சி ராசான் ரோலண்ட் கர்க். குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். மூன்று ஸாக்ஸபோன்களை ஒரே சமயத்தில் வாயில் வைத்து வாசிப்பார். குழலை எடுத்தாலோ, ஊதிக் கொண்டே பாடுவார். குரலும் குழலும் பின்னிக் கொண்டு சில சமயம் முரடாகவும் சில சமயம் அழுகையாகவும் ஒலிக்கும். 1975-ல் பக்கவாதம் வந்து உடம்பில் ஒரு பக்கம் செயலிழந்தது. மனிதர் வாத்தியத்தை மாற்றி அமைத்துக் கொண்டு ஒற்றைக் கையால் வாசித்தார். 1977-ல் இறக்கும் வரையில் நிறுத்தவில்லை. இதைக் கேட்டதும் நம் தாயார், "சரப சாஸ்திரிகளுக்கும் கண் கிடையாதே!" என்றார். உண்மைதான். நம் குழலைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய கும்பகோணம் சரப சாஸ்திரிகள் 1872-ல் பிறந்து 1904-ல் மறைந்தவர். சிறு வயதிலேயே கண் பார்வை போனவர். அவருடைய சீடர்தான் பல்லடம் சஞ்சீவ ராவ். எதிர்க்கட்சி வக்கீல் நமக்கு ஒரு சாட்சியைத் தாமே கொண்டு வந்து நிறுத்திவிட்டார்!

இனிக் கற்கும் வழியைப் பற்றி. நம் ஊரில் ஜாஸ் குழலுக்கு ஆசிரியர் தேடுவது சுலபமல்ல. புத்தகமும் இசைத்தட்டுமே குருவாக வேண்டியிருக்கிறது. அப்படிக் கற்க முடியுமா என்று கேட்டால், பாதி முடியும் என்பது நம் அபிப்பிராயம். அந்தப் பாதியை ஒழுங்காகச் செய்தால் மீதிப் பாதி எங்கே இருக்கிறதென்றாவது தெரியவரும்.

நாதத்துக்கு முதலிடம். மார்ஸெல் மொய்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1934-ல் வெளியிட்ட நாதப் பயிற்சி நூல் ஒன்று உண்டு. ஒரு ஸ்வரத்தை நீள ஊதி, அதன் குணம் மாறாமல் அடுத்த ஸ்வரத்துக்கு இறங்குவதே அதன் சாரம். விரலுக்கு டாஃபனெல், கோபேர் என்ற இருவர் பெயரால் வழங்கும் பதினேழு தினசரிப் பயிற்சிகள் இருக்கின்றன. ஜாஸ் வாசிப்பவர்களும் இவற்றைத்தான் வாசிக்கிறார்கள். நம் ஸரளி வரிசைக்கும் அகார சாதகத்துக்கும் இவை அத்தை மகன், மாமன் மகன் முறை.

அதற்கு மேலே ஜாஸ் இலக்கணம். நாலு அட்சரம் கொண்ட கட்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் புளூஸ் என்ற பாட்டின் ஒரு சுற்று. முப்பத்திரண்டு கட்டு கொண்ட பாட்டுகளும் ஏராளம். அந்தச் சுற்று திரும்பத் திரும்ப வரும். வாசிப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் மனோதர்மமாகப் புதிது புனைய வேண்டும். கல்பனா ஸ்வரம் பாடுகிறவர்களுக்கு இது விளங்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நமக்குத் தம்புரா ஒரே இடத்தில் நிற்கிறது, ராகம் மாறாது. அங்கே கீழே ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு ஒவ்வொரு கட்டிலும் மாறலாம். நின்ற தரை நகர்ந்து கொண்டே இருக்கிறது. அதன் மேல் நடக்கவும் வேண்டும், நடையில் அழகும் வேண்டும். தாளத்திலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. ஒரு துடிப்பின் இரண்டு பாதிகளும் சமமாக இரா. முன்னது சற்று நீளும், பின்னது குறுகும். எவ்வளவு என்று ஏட்டில் எழுத முடியாது. காதால்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே கேள்வி ஞானமே உயிர். ஒரு பெரியவரின் வாசிப்பில் ஒரு சுற்றை எடுத்துக் கொண்டு, முதலில் வாயால் பாட வேண்டும். பிறகு வாசிக்க வேண்டும். பிறகு எழுத வேண்டும். கடைசியில் பன்னிரண்டு சுருதிகளிலும் வாசிக்க வேண்டும். முற்காலத்தில் இசைத்தட்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இன்றைய யந்திரங்கள் சுருதி மாறாமலே வேகத்தைக் குறைத்துக் கொடுக்கின்றன. சார்லி பார்க்கர் என்ற ஸாக்ஸபோன் மேதையின் அறுபது வாசிப்புகளை எழுதித் தொகுத்த நூல் 1978-ல் வந்தது. குழலுக்கு ஏற்ற சுருதியிலும் அது கிடைக்கிறது. குழலும் ஸாக்ஸபோனும் வாசித்த யூஸஃப் லதீஃப் 1981-ல் வெளியிட்ட ஸ்வர வரிசைத் தொகுப்பு மற்றொரு பொக்கிஷம். மூங்கிற் குழல்களையும் பல தேசத்து ஊது வாத்தியங்களையும் ஜாஸுக்குள் கொண்டு வந்தவர் அவர். துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்காக, இண்டியானா மாகாணத்தைச் சேர்ந்த ஜேமி ஏபர்சோல்ட் 1967 முதல் இசைத்தட்டுகள் வெளியிட்டார். அவற்றில் பியானோவும் பாஸும் டிரம்மும் மட்டும் ஒலிக்கும்; நடுவில் உங்களுக்கு இடம் காலியாக இருக்கும். நம் வீட்டுத் தம்புராப் பெட்டிக்கு அண்ணன் என்று சொல்லலாம்.

இதற்கெல்லாம் வழிகாட்ட அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. நம் மாலி என்கிற டி.ஆர். மகாலிங்கம், பெரும்பாலும் கேள்வியினாலேயே குழலை வசப்படுத்திக் கொண்டு, குரல் போல அதை வளைத்துப் பேச வைத்தவர் அல்லவா? வீணை தனம்மாளின் பேரரும், பாலசரஸ்வதி அம்மாளின் சகோதரருமான குழல் வித்வான் டி. விசுவநாதன் வேறொரு பாதையைக் காட்டினார். 1958-ல் அமெரிக்கா சென்ற அவர், பிற்காலத்தில் கனெக்டிகட் மாகாணத்து வெஸ்லியன் சர்வகலாசாலையில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து, அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நம் கீர்த்தனங்களைக் கற்றுக் கொடுத்தார். கச்சேரி நடுவே குழலை இறக்கி வைத்துப் பாடவும் செய்வார். பாடத் தெரிந்தால்தான் ஊதத் தெரியும் என்பது அவர் வழி. ஜாஸ் மேதைகள் சொல்வதும் அதுவே. அவர்கள் பிள்ளைகள் நம் தோடியைக் கற்றால் நாம் பெருமைப்படுகிறோம். நம் பெண் அவர்கள் புளூஸைக் கற்றால் மட்டும் மானம் போய்விடுமா?

இவ்வளவு வாதங்களையும் நாம் தாயாரிடம் அடுக்கினோம். அவர் ஒன்றுக்கும் அசையவில்லை. ஒரு சாயங்காலம் பெண் அந்த டால்ஃபியின் இசைத்தட்டைக் கூடத்தில் வைத்தாள். 1964-ம் வருஷம் ஜூன் 2-ந் தேதி ஹாலந்து தேசத்தில் பதிவானது. அதில் ஒரு பழைய காதற் பாட்டைக் குழலில் வாசிக்கிறார். மெதுவாகத் தொடங்கி, பறவை போல் எழும்பி, எங்கேயோ போய்த் தனியாக நின்றுவிடுகிறது அந்த நாதம். தாயார் கையில் இருந்த பூவைத் தொடுப்பதை நிறுத்தினார்.

"யார் இந்தப் பிள்ளை? இப்போது எங்கே இருக்கிறான்?" என்று கேட்டார.

இருபத்தேழு நாளில் பெர்லின் நகரத்தில் இறந்துபோனார் என்றும், வயது முப்பத்தாறு என்றும், நீரிழிவு நோய் என்றும் சொன்னோம். நம் தாயாருக்கும் இருபது வருஷமாக அதே நோய். காலையும் மாலையும் ஊசி போடுவது அந்தப் பெண்தான்.

"வேளைக்கு ஊசி போட அவனுக்கு ஒருவரும் இல்லையா?" என்றார்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. சற்று நேரம் கழித்து, "வாங்கிக் கொடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூத்தொடுக்க ஆரம்பித்தார். சாராயக் கடை என்ற பேச்சு அதன் பிறகு வீட்டில் எழவில்லை.

வாங்கினோம். அசல் வெள்ளி அல்ல. நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் வெள்ளி முலாம். ஒருவர் வாசித்துப் பழகியது. வாங்க நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: பளபளப்பைப் பார்க்காதீர்கள், மூடிகளின் அடியில் உள்ள மெத்தைகளைப் பாருங்கள். கம்பளித் துணியின் மேல் மெல்லிய தோல் போர்த்தியவை அவை. ஈரக் காற்றில் ஊதிப் போகும். ஊதினால் காற்று கசியும். கசிந்தால் கீழ் ஸ்தாயி பேசாது. கடற்கரை ஊர்களில் வாசித்து முடித்ததும் உட்புறத்தைத் துணியால் துடைத்து வைப்பது அவசியம்.

குழல் வந்தது; ஆனால் பாடம் நின்றது. தாம்பூலத் தட்டோடு போய், "இரண்டையும் விடமாட்டேன்" என்று பெண் பணிவாகச் சொன்னாள். ஆசிரியர் கோபிக்கவில்லை, "அப்படியானால் நான் சொல்லிக் கொடுப்பதற்கில்லை" என்றார். வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் மூங்கிலும், சாயங்காலம் வெள்ளியுமாகச் சாதகம் தொடங்கினாள். விஜயதசமியன்று மூங்கிற் குழலோடு போய் ஆசிரியரை நமஸ்கரித்தாள். அவர் ஒரு கீர்த்தனை வாசிக்கச் சொன்னார், கேட்டார், ஓர் இடத்தில் காந்தாரம் அசைய வேண்டிய விதத்தைத் திருத்தினார். மறுபடி வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அந்தத் திருத்தத்தை அவள் இப்போது தினந்தோறும் வாசித்துக் கொண்டிருக்கிறாள்.

நம் தீர்ப்பு இதுதான். இரண்டு பாஷை கற்றவனுக்குத் தாய்மொழி மறக்கும் என்பது, தாய்மொழியைப் பேசாமல் விட்டால்தான் உண்மை. வெள்ளிக் குழல் பழகியதிலிருந்து அவளுடைய மூச்சு நீண்டிருக்கிறது. கல்யாணியில் நின்று நிதானிக்கத் தெரிந்திருக்கிறது. ஜாஸில் இன்னும் பன்னிரண்டு கட்டுக்குள்ளேயே தடுக்கி விழுகிறாள். விழுந்த இடத்தைக் குறித்து வைத்துக் கொண்டு மறுநாள் அங்கிருந்தே எழுந்திருக்கிறாள். சிகாகோவில் 1965-ல் கறுப்பு இனக் கலைஞர்கள் தொடங்கிய ஒரு புகழ் பெற்ற சங்கத்துக்கு முதற் பெண் தலைவியாக இருந்தவர் நிக்கோல் மிச்சல் என்னும் குழற் கலைஞர் என்று சொன்னபோது, பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்த்தோம். மலரட்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு குழலைக் கேட்டு நின்றால், முதலில் அது எதைக் கேட்டதோ அதை நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். தீர்ப்பைப் பிறகு சொல்லலாம்.